வாசகர் கேள்வி, அறிவியல் பதில்: பகிர்ந்தால் பங்கு உண்டா?

சென்ற இதழில், சிங்கப்பூரர்கள் 100,000 பேரின் மரபணுத்தொகுதியை, அதாவது ஒருவரின் முழு மரபுக் குறிப்பை, படித்தறியும் தேசியத் திட்டத்தைப் பற்றிச் சிறு குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் பலவும் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன: மரபணுத் தரவை நாடுகள் சேர்ப்பதும் பகிர்வதும் யாருக்காக, வசதி குறைந்த நாடுகளுக்கு அதில் என்ன கிடைக்கிறது? ஆகவே மற்றக் கேள்விகளை ஒத்திவைத்து, இம்முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*

மனிதர் எல்லோருடைய மரபணுவும் 99.9 விழுக்காடு ஒன்றுதான் என்று முன்பு நீங்களே எழுதினீர்கள். அப்படியானால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சேர்த்து வைத்திருக்கும் தரவு போதாதா? ஒவ்வொரு வட்டாரமும் ஏன் தனியாகச் சேர்க்க வேண்டும்?
(உட்லண்ட்ஸ் வாசகர்)

எழுதியது உண்மைதான். ஆனால் மிச்சமுள்ள 0.1 விழுக்காட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மனித மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 3 பில்லியன் எழுத்துகள் (டிஎன்ஏ இழையில் வரிசையாக நிற்கும் நால்வகை வேதி அலகுகள்) இருக்கின்றன. அதில் ஆயிரத்தில் ஒன்று என்றாலும் 3 மில்லியன் இடங்களில் உங்களுக்கும் எனக்கும் எழுத்து மாறுகிறது. பெரும்பாலானவை தீங்கற்ற மாற்றங்கள். எது தீங்கு செய்யும், எது செய்யாது என்று பிரித்தறிய வேண்டுமானால், எந்த மாற்றம் எந்த மக்களிடம் எவ்வளவு பரவலாக உள்ளது என்ற பட்டியல் கையில் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு கணக்கெடுப்பின்படி, நோய்க்கும் மரபணு மாற்றத்துக்கும் உள்ள தொடர்பைத் தேடிய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 81 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். ஆப்பிரிக்க வம்சாவளியினர் 3 விழுக்காடு மட்டுமே. பட்டியலின் நிலை அதுதான்.

இதனால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்பீர்கள். இதயத் தசையின் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போகும் ஒரு மாற்றம் உண்டு. இதயத் தசை நோயுடன் தொடர்புடைய அந்த மாற்றம் தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் இருப்பதாக 2009ல் வெளியான ஆய்வு காட்டியது. நூறு பேர் உட்காரும் கல்யாணப் பந்தியில் நான்கு பேர். அந்த நால்வருக்கும் நோய் வரும் என்று பொருளல்ல. யாருக்கு வரும், யாருக்கு வராது என்பது இன்னும் ஆராயப்படுகிறது. ஆனால் ஐரோப்பியத் தரவை மட்டும் எவ்வளவு துழாவினாலும் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது, ஏனென்றால் அந்த மாற்றம் அங்கே கிட்டத்தட்ட இல்லை.

இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லும் பிழையும் நேர்கிறது. அமெரிக்காவில், இதயத் தசைத் தடிப்பு நோய்க்குக் காரணம் என்று சில மரபணு மாற்றங்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். அவை கறுப்பின மக்களிடம் இயல்பாகவே பரவலாக உள்ள, தீங்கற்ற மாற்றங்கள் என்பது 2016ல் வெளியான ஆய்வில் தெரிய வந்தது. அதற்குள் கறுப்பினத்தவர் சிலருக்கு நோய்க்கான மாற்றம் இருப்பதாக அறிக்கையும் கொடுத்தாகிவிட்டது. ஒப்பிட்டுப் பார்த்த தரவில் கறுப்பினத்தவர் சிலராவது இருந்திருந்தால் பிழையைத் தவிர்த்திருக்கலாம் என்று அதே ஆய்வு காட்டியது. என்னைக் கேட்டால், விடுபட்ட தரவைவிட இது மோசம். விடுபட்டதைப் பிறகு தேடிக்கொள்ளலாம்; தவறாக ஒட்டிய சீட்டைக் கிழிப்பது கடினம்.

நம் ஊர் உதாரணம் ஒன்று. வலிப்புக்குக் கொடுக்கப்படும் கார்பமஸெபின் என்ற மருந்து, எச்எல்ஏ-பி*1502 என்ற மரபணு வகை உள்ளவர்களில் சிலருக்குத் தோல் கொப்புளித்து உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தத் தொடர்பை 2004ல் கண்டறிந்தது தைவானில் நடந்த ஆய்வு. சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய நோயாளிக்கு அந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்வது வழக்கமான சிகிச்சை முறையாகிவிட்டது. அந்த வகை ஐரோப்பியரிடம் மிக அரிது.

கொடை ஒருவழிப் பாதையும் அல்ல. பிசிஎஸ்கே9 என்ற மரபணு உண்டாக்கும் புரதத்தைத் தடுத்துக் கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளுக்கு வழி திறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்று, டல்லாஸ் நகர ஆய்வில் பங்கேற்ற ஆப்பிரிக்க அமெரிக்கர் சிலரிடம் அந்த மரபணு செயலிழந்திருந்ததைப் பார்த்ததால் கிடைத்தது. அவர்களின் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு வாழ்நாள் முழுவதும் குறைவு, மாரடைப்பும் மிகக் குறைவு. 2015ல் சந்தைக்கு வந்த அந்த ஊசி மருந்தை இன்று எல்லா இனத்தவரும் போட்டுக்கொள்கிறார்கள்.

*

மனித மரபணுத்தொகுதியை 2003ல் முழுமையாகப் படித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 2022ல்தான் முடிந்தது என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?
(புக்கிட் பாத்தோக் வாசகி)

மகன் சொல்வதே கூடுதல் சரி. 2003ல் முடிந்ததாக அறிவித்தபோது, அன்றைய கருவிகளால் படிக்க முடியாத பகுதிகள் விடுபட்டிருந்தன. சுமார் 8 விழுக்காடு நெடுங்காலம் வெற்றிடமாகவே கிடந்து, 2022ல் நிரம்பியது. அதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறு. உலகம் முழுவதும் ஒப்பீட்டு அளவுகோலாகப் பயன்படுத்திய அந்த முதல் தொகுதியில் ஏறத்தாழ 70 விழுக்காடு, அமெரிக்காவின் பஃபலோ நகரில் செய்தித்தாள் விளம்பரம் பார்த்து இரத்தம் கொடுத்த, பெயர் வெளியிடப்படாத ஒரே மனிதருடையது. 2023ல் 47 பேரின் தொகுதிகளைச் சேர்த்துப் புதிய அளவுகோலின் முதல் வரைவை வெளியிட்டார்கள். திருத்தத்துக்கு நன்றி.

*

நான் கணினித் துறை மாணவன். அறிவியல் தரவு எல்லாவற்றையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டால் ஏழை நாட்டு ஆய்வாளருக்கும் அது கிடைக்குமே? பிறகு எதற்கு விண்ணப்பம், குழு, அனுமதி எல்லாம்?
(ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

உங்கள் வயதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்ணத்துக்கு மதிப்புமிக்க முன்னோடியும் உண்டு. 1996ல் பெர்முடாத் தீவில் கூடிய மரபணு அறிவியலாளர்கள், படித்த எழுத்துகளை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவு இல்லாவிட்டால் மனித மரபணுத்தொகுதியின் கணிசமான பகுதி காப்புரிமைப் பூட்டுக்குள் போயிருக்கக்கூடும். 2008ல் தொடங்கிய ‘1000 ஜீனோம்ஸ்’ திட்டமும் அப்படியே. 26 மக்கள் பிரிவுகளைச் சேர்ந்த 2,504 பேரின் தரவை யாரும் இன்றே இறக்கிக்கொள்ளலாம். அதில் நம்மவர்களும் இருக்கிறார்கள்: எஸ்டியு என்ற மூன்றெழுத்துக் குறியீட்டின்கீழ் 102 இலங்கைத் தமிழர்கள். ஆனால் அவர்களிடம் இரத்தம் பெறப்பட்ட இடம் யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ அல்ல, பிரிட்டன். உலகம் தமிழரின் மரபணுவைப் பார்க்க லண்டன் பக்கம் போக வேண்டியிருந்தது என்பதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பாதி இது. அந்தத் தரவில் யாருடைய நோய் விவரமும் இல்லை. சர்க்கரை நோய் உள்ளதா, தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வந்ததா என்ற எதையும் சேகரிக்காததால்தான் அதைத் திறந்து வைக்க முடிந்தது. நோய் விவரம் சேர்ந்தால்தான் மருத்துவப் பயன். சேர்ந்தவுடன் அந்தரங்கமும் கூடவே வந்துவிடுகிறது. பெயரை நீக்கினாலும் மரபணுவே ஒருவரின் கைரேகை; ஒருவரின் தரவு அவருடைய உடன்பிறப்புகளின் தரவும்கூட.

அடுத்தது, திறந்த கதவு யாருக்குப் பயன்படுகிறது என்பது. உகாண்டாவில் ஓர் ஆய்வாளர் மூன்றாண்டு கிராமம் கிராமமாக அலைந்து மாதிரி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரவை உடனே திறந்து வைத்தால், ஆயிரம் கணினிகளும் இருபது உதவியாளர்களும் உள்ள வெளிநாட்டுக் கூடம் ஒரே மாதத்தில் கட்டுரை எழுதிவிடும். அலைந்தவர் பெயர் கடைசிப் பக்க நன்றியுரையில் நிற்கும். இதைத் தடுக்கத்தான் ஆப்பிரிக்கரின் மரபணுவையும் உடல்நலத்தையும் ஆராய 2012 முதல் 2022 வரை இயங்கிய எச்3ஆப்பிரிக்கா திட்டம், தரவைத் தொகுத்தவர்களுக்கு முதலில் ஆராயக் கால அவகாசம் கொடுத்து, அதன்பின் மற்றவர்களுக்குத் திறந்தது. கேட்பவரின் நோக்கத்தை ஆராய்ந்து அனுமதிக்கும் குழுவும் ஆப்பிரிக்கர்கள் முன்னின்று நடத்தியது. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகமும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் பணம் கொடுத்தன, 30க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் பங்கேற்றன. 50 மொழி, இனக் குழுக்களைச் சேர்ந்த 426 பேரை மட்டும் ஆராய்ந்து 2020ல் வெளியிட்ட கட்டுரையில், அதுவரை எங்கும் பதிவாகாத மாற்றங்கள் 3 மில்லியனுக்கும் மேல் கிடைத்தன. இவ்வளவுக்குப் பிறகும் அந்தத் தரவின் பெரும்பகுதி ஐரோப்பியத் தரவகம் ஒன்றில்தான் குடியிருக்கிறது. கதவுச் சாவி ஆப்பிரிக்காவில், வீடு ஐரோப்பாவில்.

பகிர்வு என்ற சொல்லுக்குள் பங்கு என்ற பொருளும் இருக்கிறது. பங்கு இல்லாத பகிர்வுக்கு நம் மொழியில் வேறு பெயர்கள் உண்டு. (பங்காளிச் சண்டை என்ற சொல்லும் நம்மிடம்தான் இருக்கிறது என்று நீங்கள் மறுமொழி எழுதுவீர்கள். எழுதுங்கள்.) நம் அண்டை நாட்டையே பாருங்கள். பறவைக் காய்ச்சலால் மக்கள் இறந்துகொண்டிருந்தபோது இந்தோனீசியா கிருமி மாதிரிகளை உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பிவந்தது. அந்த மாதிரியை வைத்து வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி செய்வதும், அதை வாங்க இந்தோனீசியாவிடம் பணம் இல்லாததும் தெரிந்தபோது, 2007ல் மாதிரி அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அன்று உலகமே அதைத் திட்டியது. ஆனால் அந்தப் பிடிவாதத்தின் விளைவாகத்தான், மாதிரி கொடுக்கும் நாட்டுக்குத் தடுப்பூசியிலும் பங்கு உண்டு என்ற உலக உடன்பாடு 2011ல் உருவானது.

2021 நவம்பரில் கோவிட்-19 கிருமியின் ஓமிக்ரான் உருமாற்றத்தைத் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள் சில நாள்களில் கண்டறிந்து, ஒளிக்காமல் உலகுக்குச் சொன்னார்கள். கைம்மாறாக ஒரே வாரத்தில் நாடு நாடாகப் பயணத் தடை விதித்தன; சிங்கப்பூரும் அந்த வரிசையில் இருந்தது. சுகாதாரக் காரணம் இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னவரைத் தண்டித்தால் அடுத்த முறை யார் சொல்வார் என்று தென்னாப்பிரிக்கர்கள் கேட்டதும் நியாயமே.

ஆகவே விண்ணப்பமும் குழுவும் வெறும் தாமதம் அல்ல. அதற்காக எல்லாக் குழுக்களும் சரியாக நடக்கின்றன என்று நான் சொல்லவில்லை. பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த ஆய்வாளர்களை நான் அறிவேன். தரவை வெளியே அனுப்பாமல், ஆய்வாளரின் கணிப்பு நிரலைத் தரவு இருக்கும் இடத்துக்கு வரவழைத்து, விடையை மட்டும் கொடுத்தனுப்பும் முறை இப்போது பரவிவருகிறது. உங்களைப் போன்ற கணினி மாணவர்களுக்கு அதில் நிறைய வேலை இருக்கிறது.

*

இப்படி ஒரு பொதுத் தரவகத்தை வசதி குறைந்த நாடு கட்ட என்ன செலவாகும்? கருவி வாங்கினால் போதுமா?
(தெம்பனிஸ் வாசகர்)

கருவியின் பங்கு ஆண்டுதோறும் சுருங்கிவருகிறது. 2001ல் ஒருவரின் மரபணுத்தொகுதியைப் படிக்க ஏறத்தாழ 100 மில்லியன் அமெரிக்க வெள்ளி ஆனது. இன்று ஆயிரம் வெள்ளிக்கும் குறைவு. செலவு அதன்பிறகுதான் தொடங்குகிறது. இந்தியா 2020ல் தொடங்கிய ஜீனோம் இந்தியா திட்டத்தில் 20 ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து படித்த ஏறத்தாழ 10,000 பேரின் தரவு 8 பெட்டாபைட், அதாவது 8 மில்லியன் கிகாபைட். பரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப்பட்டுள்ள அதை, 2025 சனவரி முதல் ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பயன்படுத்தலாம். அவ்வளவையும் வைக்கும் வட்டுகள், அவற்றைக் குளிர்விக்கும் மின்சாரம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது வட்டுக்கு மாற்றும் வேலை எல்லாம் ஆண்டுதோறும் வரும் செலவு. ஆனால் நன்கொடையாளர்கள் கட்டடத்துக்குத் தருவதுபோல மின்கட்டணத்துக்குத் தருவதில்லை. ஐந்தாண்டு நிதி முடிந்த மறுநாள் உறைபெட்டிக்கு யார் மின்சாரம் கட்டுவது என்ற கேள்வியில்தான் பல நல்ல திட்டங்கள் தடுக்கி விழுகின்றன.

வெளியே தெரியாத இன்னொரு சுமை, தரவுகளை ஒன்றோடொன்று பொருந்தச் செய்வது. சென்னையில் எடுத்த இரத்தச் சோதனை அறிக்கையைப் பெற்றோருக்காக இங்குள்ள பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துப்போனவர்களுக்கு இது புரியும். வெறும் வயிற்றுச் சர்க்கரை அங்கே 126. இங்கே அதே சர்க்கரை 7.0. இரண்டும் ஒன்றுதான்: அங்கே ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம், இங்கே ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல், 18ஆல் வகுத்தால் சரியாகிவிடும். மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார். ஆனால் பத்து நாடுகளின் ஐம்பதாயிரம் வரிசைகள் கொண்ட அட்டவணையில், அலகு எழுதாமல் வெறும் எண்ணை மட்டும் நிரப்பியிருந்தால் என்ன செய்வது? அதே வரிசையில் 03/04 என்ற தேதி ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? ‘வெறும் வயிறு’ என்று குறித்திருக்கிறார்களே, காலையில் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்தவரையும் அதில் சேர்த்தார்களா? இனம் என்ற பத்தியில் ‘இந்தியர்’ என்று மட்டும் இருந்தால், தமிழர், மலையாளி, பஞ்சாபி, சிந்தி எல்லோரும் ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். அடையாள அட்டைக்கு அது போதும், மரபணுவுக்குப் போதாது. இந்தியத் துணைக்கண்டத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணம் முடித்த பிரிவுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒரு பிரிவில் பரவலாக உள்ள மாற்றம் அடுத்த தெருவில் உள்ள பிரிவில் இருக்காது. ஆந்திரத்தின் வைசியச் சமூகத்தினரில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சு திரும்ப நெடுநேரமாவது இதற்குத் தெரிந்த உதாரணம். இத்தகைய ஒழுங்குபடுத்தலில் மாதக்கணக்காக உட்காருபவருக்குப் பட்டமும் கிடைக்காது, பாராட்டும் கிடைக்காது. ஆனால் அவர் இல்லாவிட்டால் பெட்டாபைட் அளவில் குப்பைதான் மிஞ்சும்.

ஆக, முதல் செலவு மனிதர்கள்மீது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆப்பிரிக்காவில் எச்3ஆப்பிரிக்காவுடன் கூடவே எச்3ஏபயோநெட் என்ற பயிற்சி வலையமைப்பைத் தொடங்கியதைத்தான் அத்திட்டத்தின் சிறந்த முடிவாக நான் கருதுவேன். கேப் டவுன் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய அதில், ஒரே பாடம் பல நாடுகளின் வகுப்பறைகளில் ஒரே வேளையில் நடந்தது. இணையம் பாதியில் அறுந்துபோகும் என்பதால் விரிவுரைகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் அறையிலும் சந்தேகம் தீர்க்க உள்ளூர் உதவியாசிரியர்கள் நின்றார்கள்.

சிங்கப்பூர் வசதி குறைந்த நாடல்ல. ஆனால் இந்த வட்டாரத்தில் கூட்டுப் பணிக்கு மேசை போட்டுக் கொடுத்த பழக்கம் அதற்கு உண்டு. 2009ல் பத்து ஆசிய நாடுகளின் 73 மக்கள் பிரிவுகளை ஒப்பிட்ட ஆய்வில் நம் மரபணுக் கழகத்துக்குப் பங்குண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்டு 2016ல் தொடங்கிய ஜீனோம் ஆசியா 100கே என்ற ஆசிய மரபணுத் திட்டம், 2019ல் 219 மக்கள் பிரிவுகளைச் சேர்ந்த 1,739 பேரின் தொகுதிகளை வெளியிட்டது. அதே 2019ல் சிங்கப்பூரர்கள் 4,810 பேரின் தொகுதிகளும் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தன. அவர்களில் 1,127 பேர் இந்தியர்கள்.

*

இந்தத் தரவகங்களில் தேடினால் என் குடும்பம் சோழர் வழி வந்ததா என்று தெரியுமா?
(அங் மோ கியோ வாசகர்)

தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க எந்தச் சோழ மன்னரின் மாதிரியும் யாரிடமும் இல்லை. ஆயிரம் ஆண்டு என்றால் முப்பது, நாற்பது தலைமுறை. அவ்வளவு தூரம் பின்னோக்கிப் போனால் அவர் எனக்கும் மூதாதையாக இருக்கக்கூடும். இருவரும் சேர்ந்தே பெருமைப்பட்டுக்கொள்வோம்.

*

என் அம்மாவுக்கு எழுபது வயது. சமூக மன்றத்தில் யாரோ சொல்லி, மரபணு ஆய்வுக்கு இரத்தம் கொடுக்கப் பெயர் பதிந்துவிட்டார். தரவு வெளிநாட்டுக்குப் போகுமா, காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிந்துவிடுமா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிடவா?
(செங்காங் வாசகி)

சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஓர் ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தேன். எடுப்பது இரண்டு நிமிட வேலை. ஊதா மூடி போட்ட குழாயில் நிரப்பி, உறையாமல் இருக்கத் தாதி அதை மெல்லத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைத்தார். என் பெயருக்குப் பதில் கோட்டுக் குறியீடு ஒட்டினார். நேரம் எடுத்தது படிவம்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த மூதாட்டி தமது படிவத்தை என்னிடம் நீட்டி, “இதுல என்ன போட்டிருக்கு தம்பி? எங்க கையெழுத்து வைக்கணும்னு மட்டும் காட்டுறாங்க” என்றார். படிவம் தமிழில்தான் இருந்தது. ஆனால் ஒரு வாக்கியம் ஆறு வரி ஓடியது. ‘எதிர்கால ஆய்வுகளுக்கான பரந்த ஒப்புதல்’ என்ற தொடரை அவருக்கு விளக்க எனக்கே பத்து நிமிடம் பிடித்தது. “அப்ப, நான் போனப்புறமும் இத வச்சிப் பாப்பாங்களா?” என்று கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அவர் கேட்ட கேள்வி சரியானது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுப்பாய்ப் பழங்குடியினர் சர்க்கரை நோய் ஆய்வுக்கென்று கொடுத்த இரத்தத்தை, அவர்கள் அறியாமல் மனநோய் பற்றியும் குடிப்பெயர்ச்சி பற்றியும் ஆராயப் பயன்படுத்தினார்கள். வழக்கு நடந்து, 2010ல் 700,000 அமெரிக்க வெள்ளி இழப்பீடும் மாதிரிகளும் அவர்களிடம் திரும்ப வந்தன. சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டின் மனித உயிர் மருத்துவ ஆய்வுச் சட்டம், விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறுவதைக் கட்டாயமாக்குகிறது. ஒப்புதலைப் பின்னர் திரும்பப் பெறவும் உங்கள் அம்மாவுக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்குள் ஆய்வு முடிவுகளில் கலந்துவிட்ட தரவைப் பிரித்தெடுக்க முடியாது. காப்புறுதியைப் பொறுத்தவரை, 2021 அக்டோபரில் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, மரபணுச் சோதனை செய்துகொள்ளும்படி நிறுவனங்கள் யாரையும் கட்டாயப்படுத்தவோ, வரக்கூடிய நோயைக் கணிக்கும் சோதனையின் முடிவைக் கேட்கவோ கூடாது. மிகப் பெரிய தொகைக்கான காப்புறுதியில் குறிப்பிட்ட சில சோதனைகளின் முடிவைக் கேட்பதற்கு மட்டும் விலக்கு உண்டு.

வேண்டாம் என்று சொல்ல நான் காரணம் காணவில்லை. ஆனால் போகும் நாளுக்கு முன்பே தமிழ்ப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, ஒரு மாலைப் பொழுதில் அம்மாவுடன் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். தரவு வெளிநாட்டு ஆய்வாளருக்குக் கொடுக்கப்படுமா, யார் அனுமதிப்பது, வணிக நிறுவனம் கேட்டால் என்ன செய்வார்கள், சிகிச்சை உள்ள நோய்க்கான மாற்றம் தெரிய வந்தால் அம்மாவுக்குச் சொல்வார்களா என்பவற்றுக்கு விடை அதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ‘ஆம், இல்லை’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தால், அம்மா எதைக் குறியிட்டாலும் உங்களையும் உங்கள் உடன்பிறந்தவர்களையும் அது தொடும். ஆகவே அன்று அவர்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுங்கள். விடை எதுவும் படிவத்தில் இல்லையென்றால், கடைசிப் பக்கத்தில் ஆய்வு நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருக்கும். அலுவலக நேரத்தில் அழைத்துக் கேளுங்கள்.